கண்ணாடி வண்டிக்கு மூக்கடைப்பு

அந்த வண்டிக்கு வாய் இருந்தது. வயிற்றில் பசியும் இருந்தது. ஆனால் ஊட்டினால் மட்டும் விழுங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"டக்!"

பம்ப் அக்கா டீசல் குழாயை வண்டியின் வாயில் சொருகி, விசையை அழுத்தினார். இரண்டு நொடி ஓடியது. மூன்றாம் நொடி, "டக்" என்று தானாக நின்றுவிட்டது.

மறுபடி அழுத்தினார்.

"டக்!"

"என்னக்கா இது? உங்க வண்டி ரெண்டு வாய் வாங்கினதும் போதும் போதும்னுது. எங்க வீட்டுக் கடைக்குட்டி மாதிரி," என்றார் பம்ப் அக்கா.

"பசிக்கலைன்னா பரவாயில்லயே! நேத்தே டீசல் முள் கீழ இறங்கிடுச்சு," என்றார் அம்மா. அவர்தான் அந்த வண்டியின் ஓட்டுநர்.

தொட்டி நிறைந்துவிட்டால் பம்ப்புக் குழாய் தானாக நின்றுவிடும். சிந்தாமல் இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் இங்கே தொட்டி காலி. காலித் தொட்டியைப் போய் நிறைந்த தொட்டி என்று அந்தக் குழாய் ஏன் நினைக்கிறது என்பது யாருக்கும் விளங்கவில்லை.

வண்டிக்குள் ஜன்னலோரம் அம்மாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். வயது பத்து. வட்டக் கண்ணாடி போட்டிருந்தாள். பள்ளியில் அவளை எல்லாரும் பராக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். எதையாவது பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள் என்பதால் வகுப்பாசிரியை வைத்த பெயர் அது. எறும்பு வரிசை, சுவரில் நகரும் வெயில், எதுவானாலும் சரி. போன மாதம் ஒரு குளவி மண் உருண்டை சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் முதல் பாடவேளையே போய்விட்டது.

"மண்ணு சுமந்தது குளவி. உனக்கு எதுக்கும்மா தாமதம்?" என்று ஆசிரியை கேட்டார். வகுப்பே சிரித்தது. பராக்கும் சிரித்துவிட்டாள்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணமே இந்த வண்டிதான்.

அது கண் பரிசோதனை வண்டி. உள்ளே எழுத்துப் பலகை, கண்ணை அளக்கும் கருவி, சிறிய சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். கண் டாக்டரும் அம்மாவும் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய், சரியாகக் கண் தெரியாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுப்பார்கள். அதனால் எல்லாரும் அதைக் கண்ணாடி வண்டி என்பார்கள்.

ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணாடி கொண்டுபோன அம்மாவுக்குத் தன் மகளுக்கே தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது. விளக்குக்கு அடியில்தானே இருட்டு! இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அவள் வண்டிக்குள் ஏறி, கோட்டு மாட்டும் கம்பத்தைப் பார்த்து, "வணக்கம் டாக்டர்" என்றாள். உண்மையான டாக்டர் கதவருகே நின்றிருந்தார். அன்றைக்கே அவளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

கண்ணாடி போட்ட அன்று பராக்கு வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. பத்து நிமிட வழிதான். ஆனால் வழியில் அவ்வளவு இருந்தது பார்ப்பதற்கு! அன்று தொடங்கிய பராக்கு இன்னும் நிற்கவில்லை.

"டக்!"

அந்தச் சத்தம் அவளை மறுபடி பம்ப்புக்கு இழுத்து வந்தது.

பின்னால் ஒரு லாரி, ஒரு கார், மூன்று மோட்டார் சைக்கிள்கள் காத்திருந்தன. லாரிக்காரர் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார்.

"அண்ணே, உங்க ஹாரன் நல்லாதான் வேலை செய்யுது. இங்க பம்ப்புதான் வேலை செய்யல. கொஞ்சம் பொறுங்க!" என்றார் பம்ப் அக்கா.

அவர் குழாயைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பாதி வெளியே இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பக்கத்துப் பம்ப்புக்கு வண்டியை நகர்த்தச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல, சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பார்த்தார்.

வண்டியின் வயிற்றுக்குள் "களக் களக்" என்று ஏதோ புரண்டது. அப்புறம், பெரிய ஏப்பம் ஒன்று. வாய் வழியாக டீசல் பீச்சியடித்து அம்மாவின் சட்டைக் கையையும் தரையையும் நனைத்தது.

பராக்கின் தம்பி கைதட்டினான். அவனுக்கு ஐந்து வயது. மூன்று நாளாகச் சளி. "வண்டி வாந்தி எடுத்துடுச்சு!" என்று சந்தோஷமாகக் கத்தினான்.

பம்ப் அக்கா குழாயை எடுத்து மாட்டிவிட்டு, சிந்திய இடத்தில் வாளியிலிருந்த மணலை அள்ளிக் கொட்டினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இனிமே ஊத்த மாட்டேன். தரையில சிந்தினா ஆபத்து. இங்க நிக்கிற எல்லாருக்கும் ஆபத்து."

"நீ செய்றதுதாம்மா சரி," என்றார் அம்மா. "இவ்வளவு நேரம் முகம் சுளிக்காமப் பார்த்தியே, அதுக்கே உனக்கு நன்றி சொல்லணும்."

ஆனால் வண்டியில் ஏறியதும் அம்மா உடனே சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

பராக்குக்குக் காரணம் தெரியும். நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி மலைப் பள்ளிக்குப் புறப்பட வேண்டும். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். வழியில் ஒரு பம்ப் கூடக் கிடையாது. அந்தப் பள்ளியில் போன மாதம் கண் பரிசோதனை செய்து, நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கண்ணாடி தயாராகி வந்திருந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஓர் எண் ஒட்டியிருந்தது. ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை வரிசையாக அடுக்கியது பராக்குதான்.

நாளையோடு அந்தப் பள்ளி மூடி, நீண்ட விடுமுறை தொடங்குகிறது. பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளுக்குப் போய்விடுவார்கள். நாளைக்கு விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான்.

"பெட்டிகளை மட்டும் வேற வண்டியில அனுப்ப முடியாதாம்மா?" என்று கேட்டாள் பராக்கு.

"முடியாதுடா. போட்டுவிட்டு அளந்து பார்க்கணும். அளவு சரியில்லன்னா தலை சுத்தும், பிள்ளைங்க கழட்டி வச்சிடுவாங்க. அளக்கிற கருவி இந்த வண்டியோட சேர்த்து முடுக்கியிருக்கு," என்றார் அம்மா. "வா, மெக்கானிக்கைப் பார்ப்போம்."

மெக்கானிக் மாமாவின் பட்டறை பம்ப்புக்குப் பின்தெருவில்தான். அவர் எந்நேரமும் ஏதாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். அதனால் பலருக்கு அவர் முகத்தைவிடக் கால்கள்தான் பழக்கம். அன்றும் அம்மா இரண்டு கால்களைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, வண்டி டீசல் குடிக்க மாட்டேங்குது."

கால்கள் நகர்ந்தன. பிறகு வயிறு வந்தது. கடைசியாக முகம் வந்தது. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி ஒன்று தொங்கியது. அது டாக்டர் கொடுத்தது. அதைப் போட்ட பிறகுதான் சின்னத் திருகாணியின் தலை தெரிகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"எத்தனை நாளா தங்கச்சி?"

"மூணு வாரமா கொஞ்சம் கொஞ்சமா அடம் பிடிச்சுது. நானும் பொறுமையா ஊத்தி ஊத்தி ஓட்டிட்டேன். இன்னிக்கு ஒரேயடியா வாயை மூடிக்கிச்சு."

மெக்கானிக் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நீளமான கம்பியை விட்டுத் துழாவினார். முகர்ந்தார். தட்டினார். ஒரு பல் டாக்டர் கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"வாய் சுத்தமா இருக்கு. அப்போ கோளாறு தொட்டிக்குள்ள. தொட்டியைக் கழட்டி இறக்கணும்," என்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரமா? மூணு நாள் ஆகும் தங்கச்சி."

அம்மா கைப்பேசியை எடுத்தார். ஓரமாகப் போய் டாக்டரிடம் பேசினார். "ஆமாம் டாக்டரம்மா... மூணு நாளாம்... பள்ளிக்கூடத்துக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல..."

பராக்கு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பெட்டிகள் வரிசையாக இருந்தன. நாற்பத்திரண்டாம் பெட்டிதான் எல்லாவற்றிலும் சிறியது. அதன் சொந்தக்காரி, அல்லது சொந்தக்காரன், இப்போது கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்கிக்கொண்டிருப்பாள். அல்லது தெரிகிற மாதிரி நடித்துக்கொண்டிருப்பாள். பராக்கும் அப்படி நடித்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவள் சிரித்தால் தானும் சிரிப்பது, எல்லாரும் எழுதினால் தானும் பென்சிலை ஆட்டுவது. அது மிகவும் சோர்வான வேலை. இன்னும் இரண்டு மாதம் அந்த வேலையைப் பார்க்கச் சொல்வதா?

பட்டறைப் பெஞ்சில் தம்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

மடக், மடக். "ஹா!"

மடக், மடக். "ஹா!"

பராக்கு திரும்பினாள். இந்தத் தாளத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே!

"ஏண்டா நிறுத்தி நிறுத்திக் குடிக்கிற? ஒரே மூச்சா குடிக்க வேண்டியதுதானே?"

"பூக்கு அடச்சிருக்கு," என்றான் தம்பி. மூக்கு என்று சொல்லக்கூட மூக்கு விடவில்லை. "வாயில தண்ணி இருந்தா எப்படி மூச்சு விடறதாம்?"

இரண்டு மடக்கு, ஒரு நிறுத்தம். இரண்டு நொடி டீசல், ஒரு "டக்".

பராக்கு அப்படியே நின்றாள். யாராவது பார்த்திருந்தால் மறுபடி பராக்குப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது பட்டறை மூலையில் கிடந்த ஒரு காலிப் பாட்டிலை. அதன் பக்கத்தில் ஒரு புனல் இருந்தது.

அவள் புனலைப் பாட்டிலின் கழுத்தில் இறுக்கமாகச் சொருகினாள். விளிம்பைச் சுற்றி ஈரத் துணியையும் அழுத்திவைத்தாள். தம்பியின் தண்ணீரைப் புனலில் ஊற்றினாள்.

தண்ணீர் இறங்கவில்லை. புனலிலேயே நின்றது. அப்புறம் "களக்" என்று ஒரு குமிழி விட்டுக் கொஞ்சம் இறங்கியது. மறுபடி நின்றது.

ஈரத் துணியை எடுத்துவிட்டு, புனலை ஒரு விரற்கடை மேலே தூக்கினாள். தண்ணீர் மளமளவென்று உள்ளே போய்விட்டது.

"அக்கா, அது என் தண்ணி!" என்றான் தம்பி.

"இருடா, தர்றேன்." மறுபடி செய்து பார்த்தாள். மூன்றாம் முறையும் செய்தாள்.

அம்மா பேசி முடித்துவிட்டு வந்தார். "இந்த நேரத்துல என்ன விளையாட்டுடா?"

"விளையாடலம்மா. இங்க பாரேன். பாட்டில் காலின்னு நினைக்கிறோம், ஆனா உள்ள காத்து இருக்கு. காத்து வெளிய வந்தாதான் தண்ணி உள்ள போகும். வழி இல்லன்னா தண்ணி வாசல்லயே நின்னுடும்." அவள் மெக்கானிக் மாமா பக்கம் திரும்பினாள். "மாமா, வண்டிக்கு வாய் இருக்கு, சரி. மூக்கு எங்க இருக்கு?"

மெக்கானிக் மாமா சிரிக்க வாயெடுத்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்தினார்.

"ஏர் பைப்பைச் சொல்றியா? இருக்கு, இருக்கு. தொட்டியில இருக்கிற காத்து அது வழியாதான் வெளிய போகும். ஆனா அதுல கோளாறு இருக்க வாய்ப்பே இல்லம்மா. ஆறு வாரம் முன்னாலதான் நானே புதுசா மாட்டினேன். டீசல் வாசனை உள்ள வந்து டாக்டரம்மாவுக்குத் தலைவலி வருதுன்னாங்க. அதான் பைப்பை ரெண்டு முழம் நீட்டி, தூரமாக் கொண்டுபோய் விட்டேன். புத்தம்புது பைப்பு. என் கையால போட்டது!"

"தூரமான்னா எங்க மாமா?"

"பின்னாடி, வலது சக்கரத்துக்கு மேல."

பராக்கின் கண்கள் அவளுடைய கண்ணாடியைவிட வட்டமாயின.

"வலது பின் சக்கரமா? அங்கதானே குளவி போச்சு!"

"எந்தக் குளவி?" என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

"போன மாசம், நான் ஸ்கூலுக்கு லேட்டாப் போனேனே, அந்தக் குளவி! நம்ம வண்டி தினமும் தண்ணிக் குழாய் பக்கத்துலதானே நிக்கும்? அங்க ஈர மண்ணு இருக்கும். குளவி ஒரு உருண்டை உருட்டும், தூக்கிக்கிட்டு வண்டிக்கு அடியில போகும். மறுபடி வரும், மறுபடி உருட்டும். நான் எண்ணினேன் மாமா. பத்தொன்பது தடவை. பத்தொன்பதும் வலது பின் சக்கரத்துக்கிட்டதான்!"

மெக்கானிக் மாமா டார்ச்சை எடுத்தார். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, சர்ரென்று வண்டிக்கு அடியில் போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அடியில் டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் அலைந்து, ஓரிடத்தில் நின்றது. பிறகு கால் கட்டைவிரல்கள் இரண்டும் மெதுவாக உள்பக்கம் சுருங்கின.

"தங்கச்சி," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"என்னண்ணே?"

"அந்த வாளித் தண்ணியை எடுத்து என் தலையில ஊத்தும்மா. கொத்தனார் பூசின மாதிரி மண்ணு பூசி வச்சிருக்கு. பைப்பு வாயைத் திறந்து போட்டு, ஒரு வலை கூட வைக்காம விட்டுட்டேன். தப்பு என் மேலதான். நான் பாட்டுக்குத் தொட்டியைக் கழட்டுறேன்னு கிளம்பிட்டேனே!"

"கழட்டலையே அண்ணே, அதுவரைக்கும் நல்லது," என்றார் அம்மா. குரலில் உயிர் வந்திருந்தது.

"அந்தக் கம்பியைக் கொடு. ஒரே குத்து, உதிர்ந்துடும்."

"வேண்டாம் மாமா!" பராக்கு தரையில் குப்புறப் படுத்து அடியில் தலையை நீட்டினாள். "உள்ள குஞ்சு இருக்கும்."

"குளவிக்குக் குஞ்சா?"

"புழு இருக்கும். குளவியாகப் போற புழு. கம்பி விட்டா செத்துடும்."

"ஏம்மா, நம்மளை இந்தப் பாடு படுத்தியிருக்கு. அதுக்குப் போய் வக்காலத்து வாங்குறியே!"

"அது என்ன, நம்மளைப் படுத்தணும்னா கட்டிச்சு? நல்ல ஓட்டையா இருக்கேன்னு வீடு கட்டிடுச்சு. பாவம்." பராக்கு கொஞ்சம் யோசித்தாள். "பைப்பு ரெண்டு முழம்னு சொன்னீங்கல்ல மாமா? ஒரு விரல் நீளம் குறைஞ்சா ஏதாவது ஆயிடுமா?"

வெளியே தெரிந்த கால்கள் குலுங்கின. பிறகு கடகடவென்று சிரிப்புச் சத்தம்.

"ஒண்ணும் ஆகாது. கம்பி வேண்டாம், கத்தியைக் கொடு!"

மெக்கானிக் மாமா குழாயின் நுனியை ஒரு விரல் நீளத்துக்கு அறுத்தார். கத்தி மறுபக்கம் வந்ததுதான் தாமதம்...

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

வண்டி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. அதைக் கேட்டு அம்மாவும் ஒரு பெருமூச்சு விட்டார். தம்பியும் விட்டுப் பார்த்தான். அவன் மூக்கு இன்னும் திறக்கவில்லை.

அறுத்த துண்டு பராக்கின் உள்ளங்கைக்கு வந்தது. கறுப்பு ரப்பர் வளையத்துக்குள் காய்ந்த மண், வழவழவென்று பூசியிருந்தது. இவ்வளவு சின்ன வேலைக்காரி, இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்திவிட்டாள்!

இனி வேறு குளவி வராதபடி குழாய் வாயில் வலை கட்ட வேண்டும். மெக்கானிக் மாமா பட்டறை முழுக்கத் தேடினார். தகுந்த வலை கிடைக்கவில்லை. கடைசியில் அவர் பார்வை அடுப்பின் பக்கம் போனது. அங்கே டீ வடிகட்டி தொங்கியது.

"நாளையிலேர்ந்து என் டீயில தூள் மிதக்கும்," என்று பெருமூச்சு விட்டபடி வடிகட்டியின் வலையை வெட்டிக் குழாயில் கட்டினார். "பரவாயில்ல. செஞ்ச தப்புக்குத் தூளைத் தின்னு தீர்க்கிறேன்."

மறுபடியும் பம்ப். வண்டியைக் கண்டதும் பம்ப் அக்கா மணல் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாளி வேண்டாம்கா! மூக்கடைப்பு சரியாயிடுச்சு!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் பராக்கு.

"மூக்கடைப்பா? சரி, ஒரு வாய் ஊட்டிப் பார்ப்போம். ஆனா சிந்துச்சுன்னா நிறுத்திடுவேன், சொல்லிட்டேன்."

குழாய் உள்ளே போனது. விசை அழுந்தியது. ஒன்று. இரண்டு. மூன்று...

"டக்" வரவில்லை.

ஐந்து லிட்டர். பத்து லிட்டர். பராக்கு விரல்களை இறுக்கிக்கொண்டு எண்களைப் பார்த்தாள். சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த லாரிக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். இருபது. முப்பது. தம்பி மூச்சை அடக்கிக்கொள்ளப் பார்த்து, வாயை மூடியதும் மூச்சு முட்டி, "ஹா!" என்றான்.

ஐம்பத்து மூன்று லிட்டரில், "டக்!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு மணி நேரமாகக் கேட்கவே பிடிக்காத அதே சத்தம்தான். இப்போது என்னவோ கல்யாண மேளம் மாதிரி இருந்தது. லாரிக்காரர் தன் லாரிக்கு ஓடிப்போய் ஹாரனை ஒரு தடவை அமுக்கினார். இந்த முறை அது வாழ்த்து.

அம்மா பம்ப் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். லாரிக்காரருக்கும் சொன்னார். பட்டறை வழியே திரும்பிப் போகும்போது, வேறொரு வண்டிக்கு அடியில் தெரிந்த இரண்டு கால்களுக்கும் சத்தமாகச் சொன்னார். கால் விரல்கள் ஆடின.

வீடு வந்ததும் அம்மா வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல அதன் முன்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். தினமும் வேலை முடிந்ததும் அப்படித்தான். "நன்றிடா கண்ணா," என்றார் வண்டியிடம்.

பிறகு திரும்பி, பராக்கின் தலையிலும் அதேபோல இரண்டு தட்டுத் தட்டினார்.

"நன்றிடா கண்ணா."

பராக்குக்குக் கண்ணாடியின் உள்பக்கம் லேசாக ஆவி படிந்துவிட்டது.

"நாளைக்கு நீயும் வர்றியா?" என்று கேட்டார் அம்மா.

கேட்க வேண்டுமா என்ன!

மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. டாக்டர் முன்னால், பராக்கு பின்னால். அவள் மடியில் ஒரு காலிக் கண்ணாடிப் பெட்டி. மூடி திறந்திருந்தது. அதற்குள் பஞ்சின் மேல் அந்த ரப்பர் துண்டு. வீட்டில் வைத்துவிட்டு வந்தால் தம்பி குச்சியை விட்டுக் குடைந்துவிடுவான்.

"உள்ள யாரு? டிக்கெட் எடுக்காத பயணியா?" என்று டாக்டர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா டாக்டர். நேத்து நம்ம வண்டியை நிறுத்தினவங்களோட பிள்ளை."

"என் தலைவலிக்குத் தீர்வு தேடப்போய் இவங்களுக்கு வீடு கிடைச்சுதா! நல்லது," என்று டாக்டர் சிரித்தார்.

மலைப் பாதையில் வளைவு மேல் வளைவு. வண்டி ஒரு முறைகூட முனகாமல் ஏறியது. பத்து மணிக்குப் பள்ளி வாசலில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மற்றப் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் ஒவ்வொருவரையும் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டி, அளந்து பார்த்தார். பராக்கு எண்ணைப் பார்த்துப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஒருவன் கண்ணாடி போட்டதும் தன் நண்பனைப் பார்த்து, "உனக்கு இவ்வளவு பெரிய மச்சம் இருக்கா!" என்றான். இன்னொருத்தி கரும்பலகையைப் படித்துவிட்டு, "டீச்சர், மூணாவது வரியில ஒரு புள்ளி விட்டுட்டீங்க," என்றாள். ஆசிரியர் டாக்டரைப் பார்த்து, "தேவையா எனக்கு?" என்று கேட்டுவிட்டு, தானே பெரிதாகச் சிரித்தார்.

கடைசியாக நாற்பத்திரண்டு வந்தாள். ஏழு வயது இருக்கும். யாரிடமும் பேசவில்லை. கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, அவர் தலையாட்டினால் தானும் ஆட்டினாள். பராக்குக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

அவள் முதலில் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு சட்டையின் தையலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை பராக்கின் மடியில் வந்து நின்றது.

"அக்கா," என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. "அந்த மண்ணு அசையுது."

பராக்கு குனிந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எங்க?"

"இதோ, இந்த ஓரத்துல. சின்ன ஓட்டை. உள்ளேர்ந்து யாரோ சுரண்டுறாங்க."

உண்மைதான். கடுகளவு ஓட்டை ஒன்று விழுந்திருந்தது. அது மிளகளவு ஆனது. அதற்குள்ளிருந்து இரண்டு மீசைகள் எட்டிப் பார்த்தன. பிறகு தலை, பிறகு பளபளவென்று ஈர இறக்கை. இரண்டு சிறுமிகளும் மூச்சுவிடக்கூட மறந்தார்கள்.

"அதுக்கு இடுப்பே இல்லக்கா. நூல் மாதிரி இருக்கு," என்று நாற்பத்திரண்டு கிசுகிசுத்தாள்.

குளவி பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. மீசையைத் துடைத்துக்கொண்டது. இறக்கையை வெயிலில் விரித்தது. மலைக் காற்று கதவு வழியாக வந்ததும், "ர்ர்ர்" என்று எழும்பி, ஒரு வட்டம் அடித்து, பள்ளிக் கூரையைத் தாண்டிப் போனது.

நாற்பத்திரண்டு அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் வெகு நேரமாகியும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரை விளிம்பை, அதன்மேல் உட்கார்ந்த பறவையை, அதற்கும் மேலே இருந்த மலை முகட்டை.

"நன்றிக்கா," என்றாள் திரும்பாமலே. "உங்க பேர் என்ன?"

"எல்லாரும் பராக்குன்னு கூப்பிடுவாங்க."

"அப்படின்னா?"

"எதையாவது பார்த்துக்கிட்டே நிக்கிறவள்னு அர்த்தம்."

நாற்பத்திரண்டு மூக்கின் மேல் புதுக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள்.

"அப்போ, இன்னிலேர்ந்து நானும் பராக்கு!"